நாப்பாவில் குளிர்கால ஒயின் சுற்று: ஒரே கனத்த கோட்டா, மூன்று அடுக்கா?

ஜனவரியில் கலிபோர்னியாவின் ஒயின் பகுதியான நாப்பா பள்ளத்தாக்கின் விடியல் சுமார் 4 டிகிரி செல்சியஸ், மதியம் 14 அல்லது 15. ஒயின் முதிரும் குகைகள் வருடம் முழுக்க ஏறக்குறைய 14 டிகிரியில், ஈரமாக இருக்கும். சுவைக்கும் அறையிலோ ஹீட்டர் ஓடும்.

காலையில் திராட்சைத் தோட்டத்தில் நிற்கக் கனத்த கோட்டை மிஞ்ச எதுவுமில்லை. எடுத்து மாட்டினால் போதும். உள்ளே நுழைந்ததும்தான் தொல்லை: வியர்க்கும், கழற்றினால் வைக்க இடமிருக்காது, கோட்டின் பருத்த கை கோப்பையைத் தட்டிவிடும். இறகு அடைத்த கோட் என்றால் நனைந்ததும் கட்டிதட்டிப்போய்ச் சூட்டைப் பிடிக்காது. நாப்பாவில் மழை பெரும்பாலும் குளிர்காலத்தில்தான்.

அடுக்கு முறையில் உள்ளே மெல்லிய மெரினோ கம்பளி, நடுவே ஸ்வெட்டர், மேலே மழை தாங்கும் ஜாக்கெட். உள்ளாடைக்குப் பருத்தி வேண்டாம். வியர்வையை உறிஞ்சி வைத்துக்கொண்டு குகையில் சில்லிட வைக்கும். ஸ்வெட்டர் அடர் நிறமாக இருக்கட்டும், கபர்னே என்ற சிவப்பு ஒயினின் கறை எளிதில் போகாது. ஜாக்கெட்டைச் சுருட்டிப் பைக்குள் திணிக்கலாம். நாங்கள் அடுக்கையே சொல்வோம்.

எதை உடுத்தினாலும் சென்ட் பூசாதீர்கள். ஒயினின் மணத்தை அது விழுங்கிவிடும், பக்கத்தில் நிற்பவருக்கும் சேர்த்து. கொடி வரிசைகளுக்கிடையே சேறு இருக்கும், தட்டை அடியுள்ள பூட்ஸ் போதும். மிச்சம் வைத்த திறந்த பாட்டிலைக் காரின் டிக்கியில்தான் வைக்க வேண்டும். இருக்கையருகே வைப்பது கலிபோர்னியாவில் குற்றம்.