வீட்டை விற்கும்வரை நாய் எங்கே, பூனை எங்கே?

எங்கள் நங்கநல்லூர் ஃபிளாட்டை விற்பதென்று முடிவானதும் தரகரை வரச் சொன்னோம். செருப்பைக் கழற்றியபடியே, உள்ளே எட்டிக்கூடப் பார்க்காமல், "நாய் இருக்குதுங்களா சார்?" என்றார். கருப்பன் அப்போது மொட்டை மாடியில் இருந்தான். பூனை பீரோ மேல் தூங்கிக்கொண்டிருந்தது. காலையில்தான் வீடு முழுக்கத் துடைத்திருந்தோம். எங்களுக்கு ஒரு வாடையும் தெரியவில்லை.

எப்படித் தெரியும்? கூடவே இருக்கும் வாடையை மூக்கு கொஞ்ச நேரத்தில் கண்டுகொள்ளாமல் விட்டுவிடும். மூன்று நாள் ஊருக்குப் போய்விட்டு வந்து கதவைத் திறக்கும்போது வருகிற முதல் மூச்சுதான், வீடு பார்க்க வருபவரின் மூச்சு. பத்திரச் செலவுக்கே 9 விழுக்காடு எடுத்துவைக்க வேண்டிய ஆள் அவர். விலையைக் குறைக்க ஏதாவது கிடைக்காதா என்று பார்த்துக்கொண்டேதான் வருவார். அந்த முதல் மூச்சு போதும் அவருக்கு.

வீடு காட்டும் நாட்களில் பிராணிகளை என்ன செய்வது என்று கேட்டால் ஆளுக்கொன்று சொல்வார்கள்: கூடவே வைத்துக்கொள், போர்டிங்கில் (காசு வாங்கிக்கொண்டு பிராணிகளைப் பார்த்துக்கொள்ளும் இடத்தில்) விடு, சொந்தக்காரர் வீட்டுக்கு அனுப்பு, நீயே முதலில் காலி செய்துவிடு. நாங்கள் நாலையும் யோசித்து, இரண்டைச் செய்து பார்த்தோம். பட்டுத் தெரிந்துகொண்டது ஒன்றுதான். நாய்க்குச் சரிப்படுவது பூனைக்குச் சரிப்படாது. நாய்க்கு மனுஷர் முக்கியம், பூனைக்கு இடம் முக்கியம். இதை மறந்துவிட்டு இரண்டையும் ஒரே ஆட்டோவில் ஏற்றுவதில்தான் தொல்லை ஆரம்பம்.

முதலில் போர்டிங். நல்ல இடமாக இருந்தால் தடுப்பூசிப் புத்தகத்தைக் கேட்பார்கள்: வெறிநாய்க்கடி ஊசி, பல நோய்க்கும் சேர்த்துப் போடும் நைன்-இன்-ஒன், நாய்களுக்குள் தொற்றும் இருமலான கென்னல் காஃப் ஊசி. கேட்காத இடத்தில் விடாதீர்கள். பக்கத்துக் கூண்டு நாய்க்கும் கேட்டிருக்க மாட்டார்கள் அல்லவா? காசு நாள் கணக்கில் ஏறும். வீடு ஒரு வாரத்தில் விற்குமா, நாலு மாதம் ஆகுமா என்று யாருக்குத் தெரியும்? ஆகவே விற்கும்வரை போர்டிங் என்பது கையைக் கடிக்கும் கணக்கு. பெயின்ட் அடிக்கிற நாலைந்து நாளுக்கு என்றால் சரி. பூனையை, குரைக்கிற நாய்களுக்கு நடுவே கூண்டில் வைக்கிற இடத்தில் விடவே கூடாது. பயத்தில் சாப்பாட்டை நிறுத்திவிடும். பூனை இரண்டு மூன்று நாள் சாப்பிடாமல் கிடந்தால் கல்லீரல் வரைக்கும் பாதிக்கும்.

சொந்தக்காரர் வீடு நாய்க்கு நல்ல வழி. கருப்பனைச் செங்கல்பட்டில் அண்ணி வீட்டுக்கு அனுப்பினோம். சுற்றுச்சுவர், மாமரம், வேளாவேளைக்குத் தயிர்சாதம். முதல் இரண்டு நாள் கேட்டருகே படுத்துக் கிடந்தானாம், மூன்றாம் நாள் அண்ணி பின்னாலேயே சுற்ற ஆரம்பித்துவிட்டான். திரும்பி வரும்போது காதுக்குள் உண்ணி இருந்தது, அது தனிக் கதை.

பூனைக்கு இதே வழியை என் தம்பி செய்தான். மாமியார் வீட்டில் கொண்டுபோய் விட்ட அன்றே ஜன்னல் வழியாகப் போன பூனை, ஒன்பது நாள் கழித்து இரண்டு தெரு தள்ளிக் கிடைத்தது. ஆகவே நாங்கள் எங்கள் பூனை மீனுவை வீட்டிலேயே, சின்ன அறையில் வைத்தோம். மண் தட்டு, தண்ணீர், அவள் படுக்கிற பழைய போர்வை. ஆள் வரும்போது மட்டும் கூடையில் போட்டு எதிர் ஃபிளாட்டுக்கு. இது நடக்க வேண்டுமானால் வருகிறவர்களைக் கண்ட நேரத்தில் வர விடக்கூடாது. "சனி ஞாயிறு காலை பத்திலிருந்து ஒன்றுவரை மட்டும்" என்று தரகரிடம் கறாராகச் சொன்னோம். முனகினார், பிறகு பழகிக்கொண்டார்.

நாயைக் கட்டிப்போட்டுக்கொண்டே வீடு காட்டுவதை மட்டும் நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். எவ்வளவு சாதுவான நாயாக இருந்தாலும், வந்த குடும்பத்தில் ஒருவராவது பயப்படுவார். பயந்தவர் ஹாலைத் தாண்டி வர மாட்டார், சமையலறையைப் பார்க்காமலே கிளம்பிவிடுவார்.

முழுக்கக் காலி செய்துவிட்டு விற்பதுதான் சிறந்தது என்பார்கள். இரட்டை வாடகை தாங்குமென்றால் செய்யலாம். ஆனால் பூட்டி வைத்த வீட்டில் வாடை போகாது, ஊறும். போதாததற்கு, புழங்காத பாத்ரூமில் தரைவடிகாலில் வாடையைத் தடுத்து நிற்கும் தண்ணீர் வற்றிச் சாக்கடை வாடையும் மேலே ஏறும். வாடிக்கையாளர் அதையும் நாய் தலையில்தான் கட்டுவார். காலி வீடென்றாலும் இரண்டு நாளைக்கு ஒருமுறை யாராவது போய் ஜன்னல் திறந்து, வடிகாலில் ஒரு வாளி தண்ணீர் ஊற்ற வேண்டும்.

அடுத்து, எதைப் போட்டுக் கழுவுவது. நம் வீடுகளில் கைக்கு முதலில் வருவது பினாயில். வாடையை வாடையால் மூடும் வேலை அது. கறுப்பு பினாயிலில் இருக்கும் ஃபீனால் வகைச் சரக்கைப் பூனையின் கல்லீரலால் சமாளிக்க முடியாது. நடந்த தரை ஈரத்தைப் பாதத்திலிருந்து நக்கினாலே ஆபத்து. ரசகற்பூர உருண்டையும் அப்படியே, நாய்க்கும் ஆகாது. பிளீச்சிங் பவுடரை மூத்திரம் ஊறிய இடத்தில் கொட்டினால் அம்மோனியாவோடு சேர்ந்து நச்சு வாயு கிளம்பும். வினிகர் டைல்ஸுக்குச் சரி, மார்பிளை அரித்து மங்கலாக்கிவிடும்.

உண்மையில் வேலை செய்வது என்சைம் கிளீனர்தான். விலை கூடுதல். பூனை மூத்திரத்தில் இருக்கும் யூரிக் அமிலம் தண்ணீரில் எளிதாகக் கரையாத படிகமாகத் தங்கிவிடும். துடைத்த அன்று போன மாதிரி இருந்து, மழைக்காலத்து ஈரம் பட்டதும் வீச்சம் திரும்ப வருவது அதனால்தான். அந்தப் படிகத்தை உடைப்பது என்சைம். ஊற்றிவிட்டு உடனே துடைத்தால் காசு வீண், புட்டியில் போட்டிருக்கும் நேரம்வரை ஈரமாகவே ஊற வேண்டும். பினாயில் போட்ட இடமென்றால் முதலில் வெறும் தண்ணீரால் நன்றாகக் கழுவிவிட்டுத்தான் ஊற்ற வேண்டும்.

எங்கே ஊற்றுவது? விளக்கையெல்லாம் அணைத்துவிட்டு, கள்ளநோட்டு பார்க்கிற அந்த ஊதா டார்ச்சை அடித்துப் பார்த்தோம், காய்ந்த மூத்திரம் அதில் மின்னும். டைல்ஸ் ஒன்றுமில்லை. டைல்ஸுக்கு நடுவே ஓடும் சிமென்ட் கோடு, சோபாவின் பின்கால், பால்கனிக் கதவின் அடிமரம் மூன்றிலும் மங்கலான மஞ்சள் வெளிச்சம். எட்டு வருஷம் அங்கே குடியிருந்தோம், அந்த மூலைகளை ஒருநாளும் நாங்கள் குனிந்து பார்த்ததில்லை. அதைச் சரிசெய்யாமல் மேலே பெயின்ட் அடித்தால் சில வாரத்தில் வாடை பெயின்ட்டையும் தாண்டி வரும். கழுவி, காயவிட்டு, சுவரின் கீழ் இரண்டடிக்கு ஆயில் பிரைமர் கொடுத்த பிறகே எமல்ஷன். தேக்குக் கதவின் நகக்கீறலுக்கு மரத்துக்குப் பூசும் பட்டி, உப்புத்தாள், வார்னிஷ், ஒரு தச்சரின் அரைநாள். கொசுவலையைப் புதிதாக மாற்றிவிட்டோம். பால்கனிப் புறாவலையைக் கழற்ற வேண்டாமென்று தரகரே சொன்னார், பூனைக்காகக் கட்டியது வாங்குபவருக்கும் லாபம்.

இதற்கெல்லாம் ஒரு மாதம் பிடிக்கும். மார்கழிதான் தோது. யாரும் அட்வான்ஸ் கொடுக்கப் போவதில்லை, ஐப்பசி கார்த்திகை மழையும் ஓய்ந்திருக்கும். தை பிறந்ததும் ஆள் வர ஆரம்பிக்கும்போது வீடு காய்ந்திருக்கும். ஆடியில் இந்த வேலையைத் தொடங்குபவர்களும் இதே கணக்கைப் போடலாம்.

கடைசியாக, சொல்வதா மறைப்பதா. தரகர் மறைக்கச் சொன்னார். "வயசானவங்க வந்தா, பூஜை ரூம் பக்கம் நாய் போகுமான்னு கேப்பாங்க சார், வளர்க்கவே இல்லைன்னு சொல்லிடுங்க." முதல் சனிக்கிழமை அப்படியே சொல்லிவிட்டேன். வந்தவர்களைக் கீழே கொண்டுபோய் விட லிஃப்டில் இறங்கினோம். மூன்றாம் மாடிச் சிறுமி உள்ளே வந்தாள். "அங்கிள், கருப்பன் எப்ப வருவான்?" வாங்க வந்த பெரியவர் என்னைத் திரும்பிப் பார்த்தார். அதற்குப் பிறகு அவர் பேசவில்லை.

அடுத்த வாரம் வந்தவர்களிடம் நானே முந்திக்கொண்டேன். நாய் இருந்தது, பூனை இப்போதும் இருக்கிறது, இன்னின்ன இடத்தைக் கழுவி பெயின்ட் அடித்திருக்கிறோம், ரசீது இதோ. அந்தம்மா பால்கனிக் கதவருகே குனிந்து ஒருமுறை மோந்து பார்த்தார். நிமிர்ந்து, கார் பார்க்கிங் மூடியதா திறந்ததா என்று கேட்டார்.