திணறடிக்கும் தளங்கள்: விளம்பரத் தடுப்பானா, ஜாவாஸ்கிரிப்டை நிறுத்துவதா?

4 ஜிபி ரேம் உள்ள என் பழைய லேப்டாப்பில் சில செய்தித் தளங்களைத் திறந்தாலே ஃபேன் இரையத் தொடங்கிவிடுகிறது. செய்தி பத்து வரிதான். கூடவே வரும் விளம்பரம், தானாக ஓடும் வீடியோ, நம்மைப் பின்தொடரும் நிரல்கள் எல்லாம் சேர்ந்துதான் ரேமைத் தின்கின்றன. இரண்டு வழிகளை மாற்றி மாற்றிப் பயன்படுத்தியிருக்கிறேன்.

முதலாவது யூபிளாக் ஆரிஜின். ரேமண்ட் ஹில் 2014-இல் வெளியிட்ட, பிரவுசரில் சேர்த்துக்கொள்ளும் இலவச விளம்பரத் தடுப்பு நீட்சி. விளம்பர சர்வருக்குப் போகும் கோரிக்கையையே மறித்துவிடுவதால், அந்தக் குப்பை கணினிக்குள் இறங்குவதே இல்லை. தளமும் பெரும்பாலும் வழக்கம்போல வேலை செய்யும். ஃபயர்ஃபாக்ஸில் இது முழுமையாக ஓடுகிறது. குரோமிலோ, நீட்சிகளுக்கான கூகுளின் மேனிஃபெஸ்ட் வி3 விதிகள் வந்தபின் லைட் பதிப்புதான். அதன் வடிகட்டும் திறன் குறைவு, அது எனக்கு உண்மையிலேயே வருத்தம்.

இரண்டாவது, தளங்களின் நிரல்களை பிரவுசருக்குள் ஓடவைக்கும் மொழியான ஜாவாஸ்கிரிப்டையே நிறுத்துவது. வேகம் அசத்தும். 2017-இல் வந்த காயின்ஹைவ் நிரல், தளத்துக்கு வந்தவர்களின் பிராசஸரை வைத்தே மொனேரோ என்ற கிரிப்டோ நாணயத்தைத் தோண்டியது. அப்படிப்பட்டதற்கும் இங்கே வழியில்லை. ஆனால் ரயில் டிக்கெட், வங்கி, யூடியூப் எதுவும் நகராது.

தினசரி வேலைக்கு நான் யூபிளாக்கையே சொல்வேன். அதையும் மீறித் திணறடிக்கும் தளத்துக்கு மட்டும் ஜாவாஸ்கிரிப்டை நிறுத்துங்கள். யூபிளாக்கிலேயே அதற்கு ஒரு பொத்தான் உண்டு. சரி, எந்தத் தளம் தின்கிறது என்று எப்படித் தெரியும்? விண்டோஸில் குரோமைத் திறந்து ஷிஃப்ட்டையும் எஸ்கேப்பையும் சேர்த்து அழுத்துங்கள், டேப் வாரியாகக் கணக்கு வந்துவிடும்.