ரேப்பியர் டேப்புக்குக் கொக்கி வேண்டுமா, வேண்டாமா: நீண்ட நாள் ஓட்டிய அனுபவம்

மலேசியாவின் பினாங்கு மாநிலத்தில், செபராங் பிறையில் ஒரு நெசவு ஆலையில் தறிப் பராமரிப்பு பார்க்கிறேன். எங்கள் கூடத்தில் இரண்டு வகை ரேப்பியர் தறிகள் பக்கத்துப் பக்கத்து வரிசையில் ஓடுகின்றன. ஊடையை, அதாவது துணியின் குறுக்கு இழையை, டேப்பாலோ தண்டாலோ பிடித்து உள்ளே கொண்டுபோகும் தறிதான் ரேப்பியர். ஒன்றில், ஊடையைக் கொண்டுபோகும் டேப் வரிசையாக நிற்கும் சின்னக் கொக்கிகளுக்குள் ஓடும். மற்றதில் பாவுக்குள் (நீளவாக்கில் ஓடும் இழைகளுக்குள்) கொக்கியே கிடையாது. டேப், ரேஸ்போர்டு என்ற பலகையின் மேல் படிந்து, பின்பக்கம் ரீடை (ஊடையை அடித்து நெருக்கும் சீப்பு போன்ற பகுதியை) ஒட்டிக்கொண்டு போய் வரும். தறி விற்க வருகிறவர்கள் வேகத்தைச் சொல்வார்கள், மின்சாரச் செலவைச் சொல்வார்கள். டேப்புக்கு யார் வழி காட்டுகிறார்கள் என்ற பேச்சே வராது. ஆனால் வருஷக்கணக்கில் ஓட்டிப் பார்த்தால் பாவு அறுப்பு, ஊடை தவறுவது, டேப் வாங்கும் செலவு மூன்றும் கடைசியில் இங்கேதான் வந்து நிற்கின்றன. அதனால்தான் இதை எழுத உட்கார்ந்தேன்.

இந்தத் தறி பழக்கமில்லாதவர்களுக்குக் கொஞ்சம் விளக்கம். பாவு இழைகள் மேலும் கீழுமாகப் பிரிந்து திறக்கும், அந்த இடைவெளிக்குள்தான் ஊடை போகும். இடப்பக்கம் ஒரு டேப், வலப்பக்கம் ஒரு டேப், இரண்டின் நுனியிலும் நூலைப் பிடிக்கும் ஒவ்வொரு கிரிப்பர். ஒரு கிரிப்பர் ஊடையைப் பிடித்துக்கொண்டு நடுவுக்கு வரும். எதிர்ப்பக்கத்துக் கிரிப்பர் அதை வாங்கிக்கொண்டு திரும்பும். டேப்பில் வரிசையாகத் துளைகள் இருக்கும். பெரிய பல்சக்கரம் ஒன்று முன்னும் பின்னும் சுழன்று அந்தத் துளைகளைப் பிடித்து டேப்பை உள்ளே தள்ளும், வெளியே இழுக்கும். சக்கரத்தை விட்டுக் கிளம்பிய பிறகு டேப்பைத் தாங்க எதுவும் இல்லை. இரும்பு அளவுநாடாவை இழுத்து நீட்டிக்கொண்டே போனால் ஒரு கட்டத்தில் நுனி தொங்கி, பக்கவாட்டில் ஆடுமே, அந்தச் சிக்கல்தான் இங்கும். கார்பன் இழையையும் பிசினையும் அடுக்கிச் செய்த டேப் அதைவிட எவ்வளவோ விறைப்பு. ஆனால் வேகத்தையும் பார்க்க வேண்டும்.

190 செ.மீ அகலத் தறி நிமிடத்துக்கு 450 ஊடை போடுகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு ஊடைக்குக் கிடைப்பது 133 மில்லிவினாடி. அதில் கிரிப்பர் பாவுக்குள் இருக்கும் நேரம் ஏறக்குறைய 85 மில்லிவினாடி. போகப் பாதி, வரப் பாதி. அதாவது சுமார் 95 செ.மீ தூரத்தை 42 மில்லிவினாடியில் கடக்க வேண்டும். சராசரி வேகமே மணிக்கு 80 கி.மீ. நடுவில் நின்று, நூலைக் கைமாற்றி, உடனே திரும்பவும் வேண்டும். கைமாறும் இடத்தில் ஒரு நுனி ஒரு மில்லிமீட்டர் தாழ்ந்திருந்தால்கூட ஊடை நழுவிவிடும்.

ஒவ்வொரு தறியும் இதைத் தன் வழியில் தீர்க்கிறது. சுவிட்சர்லாந்தின் சுல்சர் நிறுவனம் 1953இல் சந்தைக்குக் கொண்டுவந்த புரொஜெக்டைல் தறியில் ஊடையைக் கொண்டுபோவது சுமார் 9 செ.மீ நீளமும் 40 கிராம் எடையும் உள்ள ஓர் எஃகுத் துண்டு. முறுக்குக் கம்பியின் விசையில் எறியப்பட்டதும் அதைப் பிடித்திருக்க எதுவும் இல்லை. எனவே அகலம் முழுக்க வழிகாட்டிப் பற்கள் இல்லாமல் அந்தத் தறி ஓடவே ஓடாது. காற்றை வீசி ஊடையைச் செலுத்தும் ஏர்ஜெட் தறியில் ரீடின் பற்களிலேயே ஒரு வாய்க்கால் வெட்டி, காற்று சிதறாமல் ஊடையை அதற்குள் ஓட்டுகிறார்கள். வளையாத தண்டு கொண்ட ரேப்பியரில் தண்டே தன்னைத் தாங்கிக்கொள்ளும், பாவுக்குள் கொக்கி தேவையில்லை. பதிலுக்குத் தண்டு வெளியே வந்து நிற்கத் தறியின் இரண்டு பக்கமும் இடம் விட வேண்டும். நம் டேப் தறி இவற்றுக்கு இடையில் இருக்கிறது. கொக்கி வைத்தும் ஓட்டலாம், இல்லாமலும் ஓட்டலாம். பெல்ஜியத்தின் பிக்கானோல், இத்தாலியின் இட்டேமா போன்றவர்கள் இரண்டு விதத்தையும் விற்றிருக்கிறார்கள். அதனால்தான் எது நல்லது என்ற கேள்வி வாங்குகிறவர் தலையில் விழுகிறது.

முதலில் கொக்கி வரிசையைச் சொல்கிறேன், எனக்கு அதிகம் பழக்கமானது அதுதான். கொக்கிகள் ஸ்லேயின் (ரீடைத் தாங்கி முன்னும் பின்னும் ஆடும் சட்டத்தின்) மேல் நிற்கும். ஸ்லே பின்னால் போய் நிற்கும்போது கீழ்ப்பாவு இழைகளின் நடுவே நுழைந்து மேலே வந்து டேப்பின் விளிம்பைப் பிடிக்கும். ரீடு ஊடையை அடிக்க முன்னால் வரும்போது இழைகளுக்குக் கீழே இறங்கிவிடும். டேப்பை நடுவரைக்கும் அவை கைவிடாது. முறுக்கு நூல், பருத்திக் கலவை, மேசைவிரிப்பு, கனமான துணி என்று எதைப் போட்டாலும் டேப் பாதை மாறாது. பாவு கொஞ்சம் சரியாகத் திறக்காவிட்டாலும், ஒரு இழை தளர்ந்து தொங்கினாலும் டேப் குதிக்காது. அகலமான தறியில் இந்த நன்மை இரட்டிப்பு. 340 செ.மீ தறியில் ஒவ்வொரு டேப்பும் 170 செ.மீ உள்ளே போகிறது. அங்கே கொக்கி இருப்பது மனசுக்கே நிம்மதி.

ஆனால் எல்லாக் கொக்கியும் ஒரே கோட்டில் நின்றால்தான் இந்த நன்மை. எங்கள் தறிகளில் டேப் முதலில் அசையாத உள்நுழைவு வழிகாட்டியைத் தாண்டி, பிறகு ஸ்லே மேல் உள்ள கொக்கிகளுக்குள் போகிறது. ஒன்று தறிச் சட்டத்தில் பொருத்தியது, மற்றது ஆடுவது. ஸ்லே பின்னால் போய் நிற்கிற அந்தச் சிறு இடைவேளையில் இரண்டும் ஒரே நேரில் இருக்க வேண்டும். நான் நம்பும் சோதனை ரொம்பச் சாதாரணமானது. பழைய டேப்பில் ஒரு முழம் வெட்டி வைத்திருக்கிறோம். தறியை நிறுத்தி, அந்தத் துண்டை முதல் கொக்கியில் நுழைத்து இரண்டு விரலால் நடுவரை தள்ளிக்கொண்டு போவேன். எங்காவது லேசாக இடறினாலும் விரலுக்குத் தெரிந்துவிடும். பிறகுதான் கேஜை, அதாவது கொக்கி நேராக நிற்கிறதா என்று பார்க்கும் அளவுக் கருவியை, எடுப்பது.

ஒருமுறை ஒரு தறியில் நடுவில் ஊடை தவறிக்கொண்டே இருந்தது. ஒவ்வொரு ஷிஃப்டிலும் ஆளுக்கு ஆள் கிரிப்பரைத் திறந்து ஸ்பிரிங்கை மாற்றினார்கள், கைமாறும் நேரத்தை முன்பின் தள்ளினார்கள். கோயம்புத்தூர்ப் பக்கத்துச் சோமனூரிலிருந்து எங்களிடம் வேலைக்கு வந்திருக்கும் தம்பி ஒருவர் வந்து பார்த்தார். "அண்ணே, கிரிப்பரை விடுங்க. டேப்பைக் கழட்டித் திருப்பிப் பாருங்க" என்றார். திருப்பினோம். ஒரு விளிம்பு முழுக்கக் கண்ணாடி மாதிரி தேய்ந்து மின்னியது. எதிர் விளிம்பு புது டேப்பின் கறுப்பு மங்காமல் அப்படியே இருந்தது. "ஒரு பக்கத்துக் கொக்கி தள்ளுதுண்ணே. தள்ளுனா நுனி எதிர்ப்பக்கம் போகும், அப்புறம் நூலை எப்படி வாங்கும்?" துண்டு டேப்பைத் தள்ளிப் பார்த்ததில் நடுவுக்குக் கொஞ்சம் முன்னால் அடுத்தடுத்த மூன்று கொக்கிகள் கோட்டை விட்டு விலகியிருந்தன. முன்பு எப்போதோ பாவு சிக்கிக் கிரிப்பர் மோதியிருக்கிறது. உடைந்த கொக்கிகளை மட்டும் கண்ணளவில் மாற்றிப் பொருத்தியிருக்கிறார்கள். கேஜ் வைத்து நேர்ப்படுத்தினோம். கிரிப்பரைத் தொடவே இல்லை, தவறுவது நின்றது. அன்றிலிருந்து மோதல் நடந்த தறியைக் கொக்கி முழுவதும் கேஜ் வைத்துப் பார்க்காமல் ஓட விடுவதில்லை. கழற்றிய டேப்பின் இரண்டு விளிம்பையும் விளக்கடியில் பார்ப்பதும் வழக்கமாகிவிட்டது. தேய்மானம் இரண்டு பக்கமும் சமமாக இருந்தால் பாதை சரி.

கொக்கியின் பெரிய குறை துணியில் தெரியும். ஒவ்வொரு கொக்கியும் ஒவ்வொரு ஊடைக்கும் பாவு இழைகளை விலக்கிக்கொண்டு மேலே வருகிறது. இழை அடர்த்தி குறைந்த துணிக்கு இது ஒன்றும் செய்யாது. 75 டெனியர் என்ற மெல்லிய பாலியஸ்டர் இழையை நெருக்கமாகப் போட்டுத் திரைச்சீலைத் துணி நெய்யும்போதுதான் வினை. கொக்கி வரும் இடத்தில் இழை தேய்ந்து மெல்லிய பிசிறு எழும், பாவு நெடுகக் கோடு விழும். நெய்யும்போது கண்ணுக்குப் படாது, சாயம் போட்ட பிறகு பளிச்சென்று தெரியும். நோன்புப் பெருநாளுக்கு முந்தைய மாதங்களில் திரைச்சீலைத் துணிக்கு ஆர்டர் குவிகிற நேரத்தில் இப்படிச் சாயப்பட்டறையிலிருந்து துணி திரும்பி வந்தால் எவ்வளவு நஷ்டம் என்று சொல்ல வேண்டியதில்லை. கோடு கொக்கியால் வந்ததா, பாவிலேயே வந்ததா என்று கண்டுபிடிக்க எளிய வழி இருக்கிறது: துணியில் கோட்டுக்கும் கோட்டுக்கும் உள்ள தூரத்தை அளந்து பாருங்கள். கொக்கிகளின் இடைவெளியோடு ஒத்துப்போனால் (நெய்த துணி சற்றுச் சுருங்கும், அதனால் ஒரு சொட்டு குறைவாக வரும்) பாவு போட்டவரைத் திட்டாதீர்கள்.

உதிரி பாகக் கதையும் இதோடு சேர்ந்தது. விலை குறைவு என்று ஒரு வியாபாரியிடம் ஒரு செட் கொக்கி வாங்கிப் பொருத்தினார்கள். பார்வைக்கு அசலும் அதுவும் ஒன்றுதான். நைலான் காலுறைத் துணியை நுனியில் ஓட்டிப் பார்த்தால் இழுத்துப் பிடித்தது. முனை சரியாக மெருகேறவில்லை. சில ரிங்கிட் மிச்சம் பிடித்து, துணியில் பல மடங்கு போயிற்று. டேப்பில் வேறு கம்பெனிச் சரக்கை நான் ஒத்துக்கொள்வேன், நல்லதும் கிடைக்கிறது. கொக்கியில் ஒத்துக்கொள்ள மாட்டேன்.

இனி கொக்கி இல்லாத வரிசை. திரைச்சீலைத் துணிக்கு இதை வெல்ல எங்களிடம் வேறு தறி இல்லை. பாவு அறுப்பு கண்ணுக்குத் தெரிய குறைந்தது, கோடு விழும் பேச்சே இல்லை. பாவைப் பிணைத்துத் தறியைக் கிளப்புவதும் சுலபம், கொக்கிகளுக்கு நடுவே இழை சிக்கிக்கொள்ளும் தொல்லை கிடையாது. ஆனால் கொக்கி போனால் வழிகாட்டும் வேலை போய்விடாது. அந்த வேலை கீழ்ப்பாவுக்கும் ரேஸ்போர்டுக்கும் ரீடுக்கும் மாறுகிறது. இதைப் புரிந்துகொள்ளாதவர் கையில் இந்தத் தறி படாதபாடு படுத்தும்.

கீழ்ப்பாவு இழைகள் ரேஸ்போர்டின் விரிப்பை லேசாகத் தொட்டபடி கிடக்க வேண்டும். அதற்கு மேலே நின்றால் டேப் இழைகளின் மேல் ஏறித் துள்ளும். மிகத் தாழ்ந்தால் இழை விரிப்பில் அழுந்தி, டேப்புக்கும் விரிப்புக்கும் நடுவில் நசுங்கும். பாவு இழைகளைத் தூக்கி இறக்கும் விழுதுச் சட்டத்தின் உயரத்தை ஒரு மில்லிமீட்டர் மாற்றினாலே வித்தியாசம் காதில் கேட்கும். டேப் தட்டும் சத்தம் வேறு மாதிரி ஆகும். ரீடு இங்கே பின்சுவர். ரீடு மாற்றும்போதெல்லாம் உள்நுழைவு வழிகாட்டியின் பின்முகமும் ரீடின் முகமும் ஒரே நேரில் இருக்கிறதா என்று நேர்க்கோல் வைத்துப் பார்த்தே ஆக வேண்டும். ரீடு முன்னால் தள்ளி நின்றால் கிரிப்பர் அதன் ஓரத்தில் மோதும். பின்னால் போனால் டேப் அலையும். கொக்கித் தறியில் இந்தத் தவறைக் கொக்கிகள் கொஞ்சம் பொறுத்துக்கொள்ளும். இங்கே பொறுத்துக்கொள்ள ஒன்றும் இல்லை. விரிப்பையும் காலத்தில் மாற்ற வேண்டும். டேப் ஓடும் தடத்தில் மட்டும் அது தேய்ந்து பள்ளமாகும், விரலால் தடவினால் தெரியும்.

பினாங்கு ஈரத்தைப் பற்றி ஒரு வார்த்தை. வெளியே காற்றின் ஈரம் பெரும்பாலும் 80 சதவீதத்துக்கு மேல். கூடத்துக்குள் முறுக்கு நூலுக்கு ஈரம் கூடுதலாகவும் பாலியஸ்டருக்குக் குறைவாகவும் வைக்க வேண்டும், அது ஏசி ஓடும்வரை சரி. தைப்பூசம், சீனப் புத்தாண்டு என்று விடுமுறை அடுத்தடுத்து வந்து ஏசி நிற்கும்போது, பாவிலிருந்து உதிர்ந்த கஞ்சித்தூள் ஈரத்தை இழுத்துக் கொக்கிகளிலும் உள்நுழைவு வழிகாட்டியிலும் பிசுக்காக ஒட்டிக்கொள்கிறது. அப்படியே தறியைக் கிளப்பினால் டேப் சூடேறி விளிம்பு உரியத் தொடங்கும். விடுமுறை முடிந்து முதல் ஷிஃப்டில் துடைத்து, கையால் சுற்றிப் பார்த்த பிறகே ஓட விடுகிறோம். எண்ணெய் போடலாமே என்று புதிதாக வருகிற பையன்கள் கேட்பார்கள். டேப் பாதையில் எண்ணெய் பட்டால் பஞ்சு ஒட்டும், துணியிலும் கறை இறங்கும். உலர்ந்த துணி, காற்று, அவ்வளவுதான்.

டேப்பை மாற்றும்போது பல்சக்கரத்தையும் பாருங்கள் என்று கெஞ்சிக் கேட்டுக்கொள்கிறேன். டேப்பின் துளைகள் வட்டம் போய் நீள்வட்டமாகியிருந்தால் சக்கரத்தின் பல்லும் தேய்ந்திருக்க வாய்ப்பு அதிகம். தேய்ந்த பல்லில் புது டேப் போட்டால் அதன் துளைகளும் சீக்கிரமே நீளும், கைமாறும் நேரம் தானாக நகரும்.

எங்கள் ஆலையில் மறுபடி தறி வாங்கும் பேச்சு எழுந்திருக்கிறது. திரைச்சீலைக்கும் நெருக்கமான பாலியஸ்டருக்கும் கொக்கி இல்லாதது, முறுக்கு நூலுக்கும் 340 செ.மீ அகலத்துக்கும் கொக்கி உள்ளது என்று எழுதிக் கொடுத்திருக்கிறேன். மாதத்துக்கு ஒரு ரகம் மாற்றி நெய்கிற சின்ன ஆலையாக இருந்தால் கொக்கி உள்ளதையே வாங்கச் சொல்வேன், தவறைப் பொறுத்துக்கொள்வது அதுதான். எந்த வகை வாங்கினாலும் கொக்கி கேஜும் நேர்க்கோலும் தறியோடு வர வேண்டும், பொருத்த வருகிறவர் அவற்றை எங்கள் ஆட்கள் கையில் கொடுத்து ஒரு தறியையாவது அவர்களை வைத்தே நேர்ப்படுத்திக் காட்ட வேண்டும் என்பதையும் விலைப்பட்டியலோடு சேர்க்கச் சொல்லியிருக்கிறேன்.