பிரவுசரின் தற்காலிகக் கோப்புகள்: எந்த வழியில் அழிப்பது?

வெள்ளவத்தையிலும் பம்பலப்பிட்டியிலும் பல வீடுகளில் இன்று கொம்பியூட்டரைப் பாவிப்பது அம்மாவும் அப்பாவும்தான். பிள்ளைகள் கனடாவிலோ லண்டனிலோ இருப்பார்கள். "கொம்பியூட்டர் சரியான ஸ்லோ" என்றதும் போனில் வரும் பதில், "பிரவுசரைக் கிளியர் பண்ணுங்கோ". எதை, எந்த வழியில் என்று சொல்லாமல் விட்டால் பெற்றோருக்குத்தான் அலைச்சல்.

பிரவுசருக்குள்ளேயே ஒரு வழி இருக்கிறது. குரோம், எட்ஜ், பயர்பொக்ஸ் மூன்றிலும் கொன்ட்ரோல், ஷிஃப்ட், டிலீட் விசைகளை ஒன்றாக அழுத்தினால் அழிப்பதற்கான பெட்டி திறக்கும். ஹிஸ்டரி, குக்கி, கேஷ் என்று தனித்தனிக் கட்டங்கள் இருக்கும். என் தெரிவு இதுதான், ஆனால் கேஷ் கட்டத்தில் மட்டும் சரி அடையாளம் இருக்க வேண்டும். கேஷ் என்பது ஏற்கெனவே பார்த்த பக்கங்களின் படங்களும் துணைக் கோப்புகளும். போனால் திரும்ப இறங்கிக்கொள்ளும். குக்கி அப்படியில்லை. நீங்கள் யார் என்று நினைவில் வைக்கத் தளங்கள் பிரவுசரில் விட்டுவைக்கும் சிறு குறிப்பு அது. அதை அழித்தால் மெயில், வங்கி, பேஸ்புக் எல்லாவற்றிலும் புதிதாக உள்நுழைய வேண்டும். மகன் திறந்து கொடுத்த மெயில் என்றால் பாஸ்வேர்ட் அவருக்குத்தான் தெரியும். உறுதிப்படுத்தும் இலக்கமும் அவருடைய போனுக்குத்தான் போகும். கொழும்பில் காலை பத்து மணிக்கு டொரொன்டோவில் நள்ளிரவு. அவர் எழும்பும்வரை இங்கே மெயில் திறக்காது. இன்னொன்று, குரோமில் சிங்க், அதாவது கொம்பியூட்டரையும் போனையும் ஒரே கணக்கில் இணைக்கும் வசதி, போட்டிருந்தால் கொம்பியூட்டரில் அழிக்கும் ஹிஸ்டரி போனிலும் அழிந்துவிடும்.

கேஷைக்கூட வாராவாரம் அழிக்கச் சொல்வதை நான் ஏற்கவில்லை. பக்கங்கள் கெதியாகத் திறக்கத்தான் அது இருக்கிறது. அழித்த கையோடு திறந்தால் எல்லாம் முன்னரைவிட மெதுவாகத்தான் வரும். டேட்டாவும் கூடுதலாகப் போகும். மாதத்துக்கு இத்தனை ஜிபி என்று பக்கேஜ் போட்டிருக்கும் வீட்டில் அது கணக்கில் தெரியும். ஒரு தளம் மட்டும் பழையதைக் காட்டினால், அந்தப் பக்கத்தில் நின்று கொன்ட்ரோலையும் எஃப்5ஐயும் சேர்த்து அழுத்துங்கள். அந்தப் பக்கம் மட்டும் புதிதாக இறங்கும், மற்றது ஒன்றும் அசையாது.

அடுத்தது விண்டோஸின் சொந்த வழி: செட்டிங்ஸ், சிஸ்டம், ஸ்டோரேஜ் என்று போனால் தற்காலிகக் கோப்புகளின் பட்டியல் வரும். டிஸ்க் நிறைந்து திணறும் கொம்பியூட்டருக்கு இது நல்லது. அப்டேட்டுகள் விட்டுப்போன மிச்சங்கள் இங்கேதான் கழியும். ஆனால் பிரவுசருக்கு இதை நம்ப முடியாது. 'டெம்பரரி இன்டர்நெட் ஃபைல்ஸ்' என்று ஒரு வரி தெரியும். அது இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரர் காலத்து இடம். குரோமும் பயர்பொக்ஸும் தங்கள் கேஷை வேறு ஃபோல்டர்களில் வைப்பதால் அவை அப்படியே கிடக்கும். அதே பட்டியலில் டவுன்லோட்ஸ் என்று ஒரு கட்டமும் உண்டு. அதைத் தொடவே வேண்டாம். விசாவுக்கென்று இறக்கிய படிவங்களும் பிறப்புச் சான்றிதழ் ஸ்கேனும் அதற்குள்தான் இருக்கும்.

இனி சீகிளீனர் போன்ற தனி மென்பொருட்கள். ஒரே அழுத்தில் எல்லா பிரவுசரையும் துப்புரவாக்கும் என்பதுதான் இவற்றின் கவர்ச்சி. வீட்டுக்கு இவை தேவையில்லை என்பதே என் முடிவு. 2017 ஆகஸ்டில் வெளியான சீகிளீனர் 5.33 பதிப்புக்குள் யாரோ தீநிரலைப் புகுத்தியிருந்தார்கள். உரிய நிறுவனத்தின் தளத்திலிருந்தே அது இறங்கியது. செப்டெம்பரில்தான் விஷயம் வெளியே வந்தது. அந்தப் பதிப்பைப் பாவித்தவர்கள் ஏறத்தாழ 22.7 இலட்சம் பேர். பிறகு அது திருத்தப்பட்டது உண்மைதான். இருந்தாலும் பிரவுசர் தானே செய்யும் வேலைக்கு இன்னொரு மென்பொருளுக்கு ஏன் வீட்டைத் திறந்துவிட வேண்டும்? கட்டாயம் வேண்டும் என்பவர்களுக்குத் திறந்த மூல (நிரலை யாரும் பார்க்கக்கூடிய) மென்பொருளான பிளீச்பிட் இருக்கிறது. அதிலும் ஒவ்வொரு கட்டத்தையும் வாசித்துத்தான் அடையாளமிட வேண்டும்.

ஒரே கொம்பியூட்டரை நாலு பேர் பாவிக்கும் போர்டிங்கில் நிலைமை நேரெதிர். அங்கே குக்கிதான் முதலில் போக வேண்டும். இல்லாவிட்டால் உங்கள் மெயில் அடுத்தவருக்குத் திறந்து கிடக்கும். பயர்பொக்ஸிலும் எட்ஜிலும் மூடும்போதே தானாக அழிய வைக்கும் வசதி செட்டிங்ஸில் உண்டு. ஹிஸ்டரியையும் குக்கியையும் மூடியதும் மறந்துவிடும் பிரைவேட் விண்டோவும் அந்த வேலையைச் செய்யும். ஆனால் அதில் இறக்கிய கோப்புகள் மூடிய பிறகும் ஃபோல்டரில் இருக்கும். அவற்றை நீங்கள்தான் கையால் அழிக்க வேண்டும்.