மர எழுத்துப் பெட்டியில் ஆங்கில ஸ்பெல்லிங்: நான்கு வருட அனுபவம்

என் மகளுக்கு 5 வயதானபோது வாங்கிய மர எழுத்துப் பெட்டி இது. இப்போது அவளுக்கு 9. நடுவில் அக்கம்பக்கத்துப் பிள்ளைகளும் சாயங்காலம் வந்து உட்கார ஆரம்பித்ததில், இன்றைய கணக்குக்கு 11 குழந்தைகள் இதை வைத்து ஆங்கில ஸ்பெல்லிங் படித்திருக்கிறார்கள். முதல் மாதமே எழுதியிருந்தால் வானளாவப் புகழ்ந்திருப்பேன். ஒன்றரை வருடம் கழித்து எழுதியிருந்தால், பாதி வழியில் நின்றுபோகிற சாமான் என்று திட்டியிருப்பேன். பெட்டி எதுவரை கூட்டிக்கொண்டு போகும், அதற்கு அப்புறம் நாம் என்ன செய்ய வேண்டும் என்பது எனக்கே பிடிபட மூன்று வருடம் ஆனது.

பெட்டி இதுதான்: சிறிய எழுத்துகள் மட்டும், விரல் நீளத்துக்கு மரத்தில் வெட்டியவை. உயிரெழுத்துகள் நீலம், மற்றவை சிவப்பு. 1907இல் ரோமில் குழந்தைகளுக்கான தன் முதல் பள்ளியைத் திறந்த மரியா மாண்டிசோரியின் வழியில் வந்த யோசனை. கை பென்சிலுக்குப் பழகும் முன்பே பிள்ளை எழுத்துகளை எடுத்து வைத்துச் சொல்லைக் கட்டலாம். இதை நான் முழு மனதோடு நம்புகிறேன். 5 வயதுப் பிள்ளைக்கு ஒரு எழுத்தை வரைந்து முடிப்பதற்குள் கை வலித்துவிடும், அடுத்த எழுத்து என்ன என்பது மறந்துவிடும். கட்டையை எடுத்து வைக்கும்போது அந்தச் சுமை இல்லை, காது மட்டும் வேலை செய்தால் போதும்.

கூடவே ஒலி அட்டைகளும் ஒரு ஒலிப்பதிவும் வந்தன. ஒலிப்பதிவை மூன்றாம் நாளே நிறுத்திவிட்டேன். அதில் எம் எழுத்துக்கு 'ம' என்றும், எஸ் எழுத்துக்கு 'ஸ' என்றும் ஒரு அகரத்தைச் சேர்த்தே சொன்னார்கள். 'ஸ-இ-ட' என்று சேர்த்தால் 'சிட்' எப்படி வரும்? நம் பிள்ளைகளுக்கு இதைச் சரியாகச் சொல்லித்தர வழி நம்மிடமே இருக்கிறது. ம் வேறு, ம வேறு என்று புள்ளி வைத்துப் பழகியவர்கள் நாம். 'புள்ளி வைத்துச் சொல்லு' என்று ஒருமுறை சொன்னதும் என் மகள் 'ஸ்... இ... ட்' என்று சொல்லி, தானாகவே 'சிட்' என்றாள். ம்-உம் அ-வும் சேர்ந்தால் ம என்று உயிர்மெய் படிக்கும்போது செய்வதைத்தான் எழுத்துகளின் ஒலிகளைச் சேர்த்துப் படிக்கச் சொல்லித்தரும் ஃபோனிக்ஸ் முறையில் 'பிளெண்டிங்' என்கிறார்கள். தமிழ் எழுத்துக்கூட்டிப் படிக்கத் தெரிந்த குழந்தைக்கு ஃபோனிக்ஸ் புதிய வித்தையே இல்லை. 'சி ஏ டி கேட்' என்று எழுத்தின் பெயர்களை ஒப்பிக்க வைப்பதால்தான் அந்தத் தொடர்பு அறுந்துபோகிறது, ஏனென்றால் சி, ஏ, டி என்ற மூன்று பெயர்களையும் எவ்வளவு வேகமாகச் சொன்னாலும் கேட் வராது.

எழுத்துகளை ஏ முதல் இசட் வரை வரிசையாக எடுக்கவில்லை. எஸ், ஏ, டேபிளில் வரும் டி, ஐ, பென்னில் வரும் பி, என், இந்த ஆறும் முதலில். பல ஃபோனிக்ஸ் பாடத்திட்டங்கள் இங்கேதான் தொடங்குகின்றன. ஆறே எழுத்தில் சிட், பின், நேப், ஆன்ட், ஸ்பின் என்று முதல் வாரமே சொல் கட்டலாம். அட்டைகளில் எக்ஸ் எழுத்துக்கு சைலஃபோன் படம் போட்டிருந்தார்கள். அந்தச் சொல்லில் எக்ஸின் வழக்கமான 'க்ஸ்' ஒலியே கிடையாது. அதைத் தூக்கிவிட்டு ஃபாக்ஸ் படம் ஒட்டினேன்.

அடுத்து வந்தது பெரிய மலை. மேலே டேபிளில் வரும் டி, பென்னில் வரும் பி என்று நான் சுற்றி வளைத்து எழுத வேண்டியிருக்கிறதே, பிள்ளைகளின் சிக்கலும் அதேதான். தொப்பிக்குச் சொல்லும் கேப்பையும் வாடகைக் காருக்குச் சொல்லும் கேப்பையும் தமிழில் எழுதினால் ஒரே எழுத்து. ஒரு பையன் ஆறு வாரம் இந்த இரண்டையும் மாற்றி மாற்றியே கட்டினான். கவனக்குறைவு என்று அவன் அம்மா வருத்தப்பட்டார். கவனக்குறைவு கிடையாது. தமிழில் அந்த இரண்டு ஒலியும் உண்டு, தனித்தனி எழுத்துதான் இல்லை. 'பழம்' என்று சொல்லும்போது வருவது பென்னின் பி, 'தம்பி' என்று சொல்லும்போது வருவது பேட்டின் பி. 'பட்டம்' டேபிளுக்கு, 'வண்டி' டாக்குக்கு. 'கல்' கைட்டுக்கு, 'தங்கம்' கோட்டுக்கு, அதாவது ஆட்டுக்கு. தொண்டையில் விரலை வைத்துப் பழம், தம்பி, பழம், தம்பி என்று சொல்லச் சொன்னேன். நாலாவது தடவை அவன் கண் விரிந்தது. "அத்தை, தம்பியில தொண்டை ஆடுது!" என்றான். அன்றைக்கே கேப் இரண்டையும் பிரித்துக் கட்டினான். அப்புறமும் சறுக்கல்கள் வந்தன, ஆனால் 'தொண்டை ஆடுதா?' என்று கேட்டால் அவனே திருத்திக்கொள்வான்.

சொல்லின் கடைசியில் ஒரு உகரத்தைச் சேர்க்கும் பழக்கமும் நமக்கு உண்டு. டெஸ்க் என்பதை 'டெஸ்க்கு' என்று சொல்லிக்கொண்டே கட்டும் பிள்ளை கடைசியில் யு கட்டையைத் தேடும். இதற்கு ஒலிக்கு ஒரு கட்டமாகக் கோடு போட்டுக்கொடுத்தேன். சோவியத் உளவியலாளர் எல்கோனின் பெயரில் 'எல்கோனின் பெட்டி' என்று சொல்லப்படும் முறை இது. டெஸ்க்குக்கு நாலு கட்டம், ஒவ்வொரு ஒலிக்கும் ஒரு புளியங்கொட்டையோ பொத்தானோ நகர்த்த வேண்டும், அப்புறம்தான் எழுத்துக்கட்டை. ஐந்தாவது பொத்தானுக்கு இடமில்லை என்றால் அந்த உ தேவையில்லை என்று பிள்ளைக்கே தெரிந்துவிடும்.

பெட்டியின் குறைகளைச் சொல்லிவிடுகிறேன். குச்சியும் வட்டமுமாக இருக்கும் நான்கு எழுத்துகள், அதாவது பேட், டாக், பென், குயின் ஆகியவற்றின் முதலெழுத்துகள், மரத்தில் வெட்டியபோது ஒரே கட்டையாகிவிட்டன. திருப்பினால் ஒன்று, கவிழ்த்தால் இன்னொன்று. பிள்ளை சரியான எழுத்தை எடுத்துத் தவறாக வைக்கும், நமக்கு எது தவறு என்றே தெரியாது. ஒவ்வொரு கட்டையின் முன்பக்க அடியிலும் ஒரு கறுப்புப் புள்ளி வைத்தேன். புள்ளி கீழே, கண்ணுக்குத் தெரிய வேண்டும். இது பத்து நிமிட வேலை, இதை முதல் நாளே செய்யாததில் எனக்கு இரண்டு மாதம் போனது. இரண்டாவது, ஈ எழுத்து ஐந்துதான் இருந்தது. ஆங்கிலத்தில் அதிகம் வரும் எழுத்தே அதுதான். 'ட்ரீ', 'ஸ்லீப்' இரண்டையும் கட்டினால் நாலு தீர்ந்துவிடும். அட்டையில் வெட்டிச் சேர்த்தேன். மூன்றாவதுதான் உண்மையான குறை: 26 எழுத்தை வைத்து ஆங்கிலம் ஏறத்தாழ 44 ஒலிகளைக் காட்ட வேண்டியிருக்கிறது, அதனால் ஷிப்பில் வரும் ஷ், செயினில் வரும் ச், ரிங்கில் வரும் ங் எல்லாம் இரண்டெழுத்து சேர்ந்த ஓர் ஒலி. பெட்டியோ எல்லாவற்றையும் தனித்தனியாகத் தருகிறது. இப்படிப்பட்ட ஜோடிகளை ஒரே அட்டையில் ஒட்டித் தனியாக ஒரு டப்பாவில் வைத்த பிறகுதான் பிள்ளைகள் அவற்றை ஒன்றாகப் பார்த்தார்கள்.

கடைசியில் வந்து நின்று முன்னால் உள்ள உயிரை மாற்றும் ஈ பற்றி நான் பயந்துகொண்டிருந்தேன், அது சுலபமாகப் போய்விட்டது. கட், க்யூட், ஹாப், ஹோப். கெ-வுக்கு ஒற்றைக்கொம்பு, கே-வுக்கு இரட்டைக்கொம்பு என்று பார்த்த பிள்ளைக்கு, ஓர் அடையாளம் சேர்ந்தால் உயிர் மாறும் என்பது பழகிய சங்கதி. ஆங்கிலத்தில் அந்த அடையாளம் ஒரு எழுத்து தள்ளி நிற்கிறது, அவ்வளவுதான்.

ஆறரை வயதில் என் மகள் எந்தச் சின்னச் சொல்லையும் எழுத்துக்கூட்டிப் படித்தாள். இங்கிலாந்தில் 2012 முதல் 6 வயதை ஒட்டிய பிள்ளைகளுக்கு 40 சொற்களைப் படிக்கச் சொல்லும் ஒரு ஃபோனிக்ஸ் சோதனை நடக்கிறது, அதில் 20 சொற்கள் பொருளே இல்லாதவை. மனப்பாடத்தில் படிக்கிறதா, எழுத்தைப் பார்த்துப் படிக்கிறதா என்று கண்டுபிடிக்க நல்ல வழி. அதேபோல நானும் அர்த்தமில்லாத சொற்களைக் கட்டிக் கேட்டேன், தயங்காமல் படித்தாள். ஃபோனிக்ஸ் தன் வேலையைச் சுத்தமாகச் செய்துவிட்டது.

ஆனால் டிக்டேஷன் நின்றுபோனது. 'ஜம்ப்ட்' என்று சொன்னால் ஜம்ப் கட்டி, கடைசியில் டேபிளின் டி-யை வைத்தாள். "அம்மா, ட்-ன்னுதானே கேக்குது?" கேட்கிறதை வைத்துத்தானே நான் ஒன்றரை வருடமாகச் சொல்லித்தந்தேன், அவள் செய்தது முழுக்கச் சரி. நான் திட்டியிருப்பேன் என்று சொன்ன கட்டம் இதுதான்.

வழி தமிழ் இலக்கணத்தில் இருந்தது. 'செய்தான்' என்பதைச் செய், த், ஆன் என்று பிரிக்கிற பகுபத உறுப்பிலக்கணம் ஞாபகம் இருக்கிறதா? அதையே ஆங்கிலச் சொல்லுக்குச் செய்தேன். ஜம்ப், ப்ளே, வான்ட் மூன்றையும் கட்டி, இவற்றோடு 'நடந்து முடிந்துவிட்டது' என்று சொல்ல ஒரே ஒரு வால் ஒட்ட வேண்டும் என்றேன்: ஈ-யும் டாக்கின் டி-யும். ஜம்ப்ட்டில் அது ட் என்று கேட்கும், ப்ளேய்ட்டில் தொண்டை ஆடும், வான்டட்டில் ஒரு அசையாகவே நீளும். ஒலி மூன்று, எழுத்து ஒன்று. தமிழில் நாம் இறந்தகாலத்துக்கு த், ட், ற், இன் என்று எழுத்தையே மாற்றி எழுதுகிறோம், அவர்கள் எழுத்தை மாற்றாமல் ஒலியை மட்டும் மாற்றுகிறார்கள். வாலை ஒரு மஞ்சள் அட்டையில் ஒட்டிவிட்டேன். அதன் பிறகு அந்தத் தவறு அபூர்வம்.

மஞ்சள் அட்டைகள் பெருகின. இங், நெஸ், ஃபுல், லெஸ், அன், ரீ. இங்கேதான் என்னை ஆச்சரியப்படுத்திய விஷயம் நடந்தது. ரன்னோடு இங் சேரும்போது என் எழுத்து இரட்டிக்கிறது, ஸ்லீப்போடு சேரும்போது இரட்டிப்பதில்லை. இதை விதியாகச் சொல்லாமல், "கண்ணோடு இல் சேர்த்துச் சொல்லு" என்றேன். கண்ணில். "பாலோடு இல்?" பாலில். ஏன் கண்ணுக்கு இரண்டு ண், பாலுக்கு ஒரே ல்? கொஞ்சம் யோசித்துவிட்டு "க சின்னது, பா நீளம்" என்றாள் மகள். தனிக்குறிலை அடுத்த ஒற்று, உயிர் வந்தால் இரட்டும் என்று நாம் பள்ளியில் படித்தது ரன்னிங், ஹாப்பிங், சிட்டிங் எல்லாவற்றுக்கும் பொருந்துகிறது. வயலில் என்பதில் ல் இரட்டாததுபோல ஓப்பனிங்கிலும் இரட்டுவதில்லை. பிகின்னிங் மாதிரி, அழுத்தம் கடைசி அசையில் விழும் நீளமான சொற்கள் இதற்கு அடங்காது, அவற்றைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

ஹோப்போடு இங் சேர்ந்தால் கடைசி ஈ போய்விடும், ஃபுல் சேர்ந்தால் நிற்கும். வீடு, இல்லை: வீடில்லை. வீடு, கட்டினாள்: வீடு கட்டினாள். உயிர் வந்தால் கெடும், மெய் வந்தால் நிற்கும். ஹேப்பியோடு நெஸ் சேர்ந்தால் ஒய் ஐ-யாகத் திரியும், பொன்னோடு குடம் சேர்ந்து பொற்குடம் ஆவதுபோல ஓர் எழுத்து இன்னொன்றாகிறது. தோன்றல், திரிதல், கெடுதல், மூன்றும் வந்துவிட்டன! எல்லா இடத்திலும் இரண்டு மொழியும் ஒத்துப்போகாது, தெரிகிறது. ஆனால் இரண்டு துண்டு சேரும் இடத்தில் ஏதோ நடக்கும் என்று எதிர்பார்க்கிற காது நம் பிள்ளைகளுக்குப் பிறந்ததிலிருந்தே இருக்கிறது, அதைப் பயன்படுத்தாமல் நீண்ட பட்டியலை மனப்பாடம் செய்ய வைப்பது எனக்கு இப்போது பெரிய அநியாயமாகத் தோன்றுகிறது.

பேசாத எழுத்துகளுக்கும் இதே வழி. எண் இரண்டைக் குறிக்கும் 'டூ'-வில் டபிள்யூ எதற்கு என்று ஒரு சிறுமி கேட்டாள். பதில் சொல்லாமல் ட்வின், ட்வைஸ், ட்வெல்வ், ட்வென்ட்டி நான்கையும் டூவுக்குக் கீழே கட்டினேன். அவள் விரலால் ஒவ்வொன்றாகத் தொட்டுக்கொண்டே வந்து, "எல்லாமே ரெண்டு பத்தினதுதான், இதுல மட்டும் சத்தம் போடல" என்றாள். சைனில் கேட்காத ஜி சிக்னலில் கேட்கும். நைஃபின் கே மட்டும் இப்படிச் சொந்தம் காட்டாது, அதற்குக் கதைதான்: ஒரு காலத்தில் அதை உச்சரித்தார்கள், கேக்ஸ்டன் 1476இல் இங்கிலாந்துக்கு அச்சு இயந்திரம் கொண்டுவந்த பிறகு எழுத்துமுறை மெல்ல உறைந்துபோனது, பேச்சு நகர்ந்துகொண்டே இருந்தது. பிள்ளைகளுக்கு இந்தக் கதை ரொம்பப் பிடிக்கும்.

வாங்கலாமா என்றால், 5 முதல் 7 வயதுக்கு வாங்கலாம், உயிரெழுத்துகள் நிறைய உள்ள பெட்டியாக. பெரிய எழுத்து மட்டும் உள்ளதை வாங்காதீர்கள், படிக்கப்போவதெல்லாம் சின்ன எழுத்தில்தான். மஞ்சள் அட்டைகளுக்கு 7 வயது வரை காத்திருக்க வேண்டாம். நான் காத்திருந்தேன், அதுதான் என் வருத்தம். இப்போது வரும் சின்னப் பிள்ளைகளுக்கு கேட் கட்டிய வாரத்திலேயே எஸ் அட்டையைக் கொடுத்துவிடுகிறேன்: ஒரு பூனை, நாலு பூனை.

எனக்கு இன்னும் முழுசாக வசப்படாதது மங்கலான உயிர். டாக்டரின் கடைசி உயிரும், அபவுட்டின் முதல் உயிரும் ஆங்கிலப் பேச்சில் தேய்ந்து ஒரே மாதிரி ஆகிவிடுகின்றன, காது எந்த எழுத்தென்று சொல்லாது. எழுதும்போது மட்டும் 'டாக்-டோர்', 'வெட்-நெஸ்-டே' என்று எழுத்தில் உள்ளபடி ரகசியக் குரலில் சொல்லிக்கொள்ளச் சொல்கிறேன். போன வாரம் என் மகள் பக்கத்தில் உட்கார்ந்து கணக்கு எழுதிக்கொண்டிருந்தாள், கட்டைகளோடு போராடிக்கொண்டிருந்த 6 வயதுக்காரன் காதருகே குனிந்து 'வெட்-நெஸ்-டே' என்று மெதுவாகச் சொல்லிக்கொடுத்துவிட்டுத் தன் நோட்டுக்குத் திரும்பினாள்.