'நின்னுச்சா, ஓடுச்சா?': ரிச்சி தெருவில் ஒரு ரிமோட் கார் மெக்கானிக்

சென்னையின் எலெக்ட்ரானிக்ஸ் சந்தையான ரிச்சி தெருவில், மாடிப்படிக்கு அடியில் மூன்றடி மேசை ஒன்றைப் போட்டுக்கொண்டு ரிமோட் கார்களைப் பழுது பார்க்கும் ஒருவரிடம் கடந்த மாதம் இரண்டு முறை போய் வந்தேன். பெயர்ப் பலகை கிடையாது. நரசிங்கபுரம் தெருப் பக்கமிருந்து உள்ளே நுழைந்து, செல்போன் உதிரிபாகம் விற்கும் கடைகளில் கேட்டால் கையைக் காட்டுவார்கள். அவருடைய வேலையைப் பற்றி எழுதத் தோன்றியதற்குக் காரணம், அவர் எனக்கு எந்தப் புதுப் பொருளையும் விற்க முயலவில்லை என்பதுதான்.

அக்கா மகனுக்காக வாங்கிய வண்டி அது. நிஜ வண்டியில் பத்தில் ஒரு பங்கு அளவிலான பகி (மணலிலும் மேடுபள்ளத்திலும் ஓடும் வகை கார்), பிரஷ் மோட்டார், 7.2 வோல்ட் நிக்கல் பேட்டரி. பெசன்ட் நகர் கடற்கரையில் ஓட்டத் தொடங்கிய மூன்றாவது மாதமே சிக்னல் விட்டு விட்டு வந்தது. வாங்கிய கடையில் காட்டினேன். பெயர் வேண்டாம். கடற்கரை ஓரத்து அடுக்குமாடிகளில் இருக்கும் வைஃபைதான் கெடுக்கிறது என்று அவர்கள் திறந்துகூடப் பார்க்காமல் தீர்ப்புச் சொல்லி, ரிமோட்டும் ரிசீவரும் சேர்ந்த புதிய செட் ஒன்றை 3,200 ரூபாய்க்கு மாட்டி அனுப்பினார்கள். கோளாறு தீராததோடு, அதுவரை இல்லாத ஒரு பயமும் சேர்ந்துகொண்டது: ஒரு மாலை, தூரத்தில் போய்க்கொண்டிருந்த வண்டி கட்டுப்பாட்டை இழந்து, விட்ட வேகம் குறையாமல் சுண்டல் வண்டியின் அடுப்பை நோக்கிப் பாய்ந்தது. சக்கரம் மணலில் புதைந்ததால் பிழைத்தோம்.

இத்தனையையும் நான் சொல்லி முடிக்கும்வரை மெக்கானிக் வண்டியைத் தொடவே இல்லை. பிறகு ஒரே ஒரு கேள்வி கேட்டார். "சிக்னல் போனப்ப வண்டி நின்னுச்சா, ஓடுச்சா சார்?"

இரண்டும் நடந்தது என்றேன். பக்கத்தில் இருக்கும்போது, குறிப்பாக முழு வேகத்தில் வளைக்கும்போது, ஓரிரு நொடி நின்று மறுபடி கிளம்பும். தூரத்தில் போனால் நிற்காமல் ஓடும். "அப்ப ரெண்டு வியாதி" என்று சொல்லிவிட்டு ஸ்க்ரூடிரைவரை எடுத்தார். ரிசீவருக்கு மின்சாரம் குறைந்தால் அது அணைந்து மீண்டும் உயிர் பெறும். அந்த ஓரிரு நொடிகளில் மோட்டாருக்குக் கட்டளை எதுவும் போகாததால் வண்டி நிற்கும். மின்சாரம் சரியாக இருந்து ரேடியோ மட்டும் அறுந்தால், ஃபெயில்சேஃப் (சிக்னல் அறுந்தால் வண்டியைத் தானாக நிறுத்தும் ஏற்பாடு) அமைக்கப்படாத சில ரிசீவர்கள் கடைசியாக வந்த கட்டளையையே பிடித்துக்கொண்டிருக்கும், வண்டி ஓடும். பார்ப்பவர்களுக்கு இரண்டுமே 'சிக்னல் கட்' என்றுதான் தோன்றும். இந்த வித்தியாசத்தை எனக்குப் புரியவைக்க அவர் எடுத்துக்கொண்ட நேரம் ஒரு டீ குடிக்கும் நேரம்தான்.

முதல் வியாதிக்கு மல்டிமீட்டரை எடுத்தார். ரிசீவரில் காலியாக இருந்த சேனல் துளையில் இரண்டு முனைகளையும் செருகி, மிகக் குறைந்த அளவைப் பிடித்து வைக்கும் பொத்தானை அழுத்திவிட்டு, மேசையில் விரித்திருந்த ரப்பர் பாயின் மேல் வண்டியை இடது கையால் அமுக்கிக்கொண்டு, ரிமோட்டில் ஸ்டீயரிங்கை முழுக்கத் திருப்பியபடியே ஆக்சிலரேட்டரை ஒரு கணம் இழுக்கும்படி என்னிடம் சொன்னார். சும்மா இருக்கையில் 5.8 வோல்ட் காட்டிய மீட்டர், இழுத்தவுடன் 3.1-இல் போய் நின்றது. ரிசீவரின் சிவப்பு விளக்கு கண்ணெதிரே அணைந்து மினுக்கியது. பேட்டரியின் வெள்ளை பிளாஸ்டிக் கனெக்டரைப் பிரித்துக் காட்டினார். உள்ளே ஒரு தகடு பச்சைப் பூத்திருந்தது, மற்றொன்றைச் சுற்றியிருந்த பிளாஸ்டிக் பழுப்பாக உருகியிருந்தது. உப்புக் காற்றும் ஈர மணலும் செய்த வேலை. களிம்பேறிய இணைப்பில் மோட்டார் அதிக மின்சாரம் இழுக்கும்போது வோல்டேஜ் அங்கேயே விழுந்துவிடுகிறது. மிச்சம் வருவது ரிசீவருக்கும், சக்கரத்தை வளைக்கும் சர்வோ மோட்டாருக்கும் போதுவதில்லை. "ரிமோட்ல தப்பே இல்ல சார், வண்டிக்கு மூச்சு முட்டுது" என்றார். இரண்டு பக்கமும் எக்ஸ்டி60 கனெக்டர் வைத்து ஈயம் பற்றவைத்து, மறுபடி அதே சோதனையைச் செய்தபோது மீட்டர் 5.2-க்குக் கீழே இறங்கவில்லை. 3,200 ரூபாய்க்கு நான் வாங்கிய ரிமோட் செட்டுக்கும் இதற்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை.

இரண்டாவது வியாதி, அந்தப் புது செட்டை மாட்டியவர்களே வரவழைத்தது. ரிசீவரிலிருந்து வரும் ஆன்டெனா வயரில் கடைசி 31 மில்லிமீட்டருக்கு மட்டும் மேலுறைப் பின்னல் இருக்காது. 2.4 கிகாஹெர்ட்ஸ் அலையின் நீளம் சுமார் 12.5 சென்டிமீட்டர், அதில் கால் பங்குதான் அந்த 31 மில்லிமீட்டர். உண்மையில் அலையைப் பிடிப்பது அந்த நுனிதான், மற்றதெல்லாம் அதை உள்ளே கொண்டு போகும் குழாய். என் வண்டியில் வயரைச் சுருட்டி, மோட்டாருக்குப் பக்கத்தில் உலோகத் தகட்டின் மேல் டேப் போட்டு ஒட்டியிருந்தார்கள். நீளம் அதிகமாகத் தெரிந்ததாலோ என்னவோ நுனியையும் நறுக்கியிருந்தார்கள். இவர் ஸ்கேலை வைத்து அளந்தார்: 17 மில்லிமீட்டர். "மீதி எங்க சார்?" என்று என்னைக் கேட்டார், நான் தின்றுவிட்டது போல.

வைஃபை காரணமா என்றும் கேட்டுப் பார்த்தேன். வைஃபையும் புளூடூத்தும் இதே அலைவரிசையில்தான் இயங்குகின்றன என்பது உண்மை. ஆனால் இப்போதைய ரிமோட்டுகள் பெரும்பாலும் ஒரே இடத்தில் நிற்காமல் 2400-க்கும் 2483.5-க்கும் இடைப்பட்ட மெகாஹெர்ட்ஸ்களில் தாவிக்கொண்டே இருப்பவை. ஓர் இடத்தில் நெரிசல் என்றால் அடுத்த தாவலில் கட்டளை போய்ச் சேர்ந்துவிடும். பழைய ரிமோட்டுகள் இயங்கிய 27 மெகாஹெர்ட்ஸ் காலத்துக் கதை வேறு. சிறுவயதில் எங்கள் தெருவில் இரண்டு பேரிடம் ஒரே கிரிஸ்டல் (அலைவரிசையைத் தீர்மானிக்கும் சிறு பாகம்) போட்ட கார் இருந்தால், ஒருவன் ரிமோட்டைத் திருப்ப மற்றவன் கார் சாக்கடையில் விழும். பிரஷ் மோட்டாரின் தீப்பொறிகூட அந்தக் காலத்து ரிசீவரைக் கலக்கிவிடும். அதற்காகத்தான் மோட்டாரில் 104 என்று அச்சிட்ட சிறு கப்பாசிட்டர்களைப் பற்றவைப்பார்கள். என் மோட்டாரில் அவற்றில் ஒன்று முறிந்து தொங்கியதைப் பார்த்து, கேட்காமலேயே மாற்றிக் கொடுத்தார்.

ஆன்டெனா வயர் கைவசம் இல்லை, வியாழக்கிழமை வாருங்கள் என்றார். வியாழன் போனால் ஆள் இல்லை, போனையும் எடுக்கவில்லை. சனிக்கிழமைதான் வேலை முடிந்தது. புது வயரைப் பிளாஸ்டிக் குழாயில் செங்குத்தாக நிறுத்தி, தரையிலிருந்து முடிந்தவரை உயர்த்தி வைத்திருந்தார். பிறகு ஃபெயில்சேஃபை அமைத்துவிட்டு, வண்டியை ஒரு டப்பாவின் மேல் சக்கரம் தொடாமல் தூக்கி வைத்து, ஓடும்போதே ரிமோட்டை அணைத்துக் காட்டினார். சக்கரம் நின்றது. வண்டியை வாங்கிய அன்றே அந்தக் கடைக்காரர்கள் செய்து காட்டியிருக்க வேண்டிய சோதனை இது.

அன்று மாலையே கடற்கரையில் ஓட்டினோம். முப்பது தப்படியில் பழையபடி ஒரு தடுமாற்றம் வந்தபோது எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. பார்த்தால், மருமகன் துப்பாக்கி பிடிப்பது போல ரிமோட்டின் ஆன்டெனா நுனியை நேராக வண்டியைப் பார்த்து நீட்டிக்கொண்டிருந்தான். நுனி இருக்கும் திசையில்தான் அலை மிகவும் பலவீனம், பக்கவாட்டில்தான் பலம். ஆன்டெனாவை மேல்நோக்கி மடக்கியதும் எண்பது தப்படிவரை ஒரு சிணுங்கல் இல்லை. அதற்கு மேல் எனக்கே வண்டி கண்ணுக்குத் தெரியவில்லை. "மாமா, இது தெரியாமத்தான் அவ்வளவு செலவு பண்ணீங்களா?" என்று அவன் கேட்டதற்கு இன்னும் பதில் சொல்லவில்லை.

மொத்தக் கூலி 350, பொருள்களுக்கு 180. பில் தரமாட்டார், உத்தரவாதமும் எழுதித் தரமாட்டார். இது எனக்கு உறுத்தலாகத்தான் இருக்கிறது. சொன்ன நாளில் முடிப்பார் என்று நம்பி வெளியூரிலிருந்து வருபவர்கள் ஏமாறக்கூடும். உட்கார இடமில்லை, மதியம் ஒரு மணிக்கு மேல் அந்தச் சந்தில் நிற்கவும் முடியாது. சிந்தாதிரிப்பேட்டை பறக்கும் ரயில் நிலையத்திலிருந்து நடந்தே போய்விடலாம் என்பதால் வண்டி நிறுத்த அலைய வேண்டாம். ஞாயிற்றுக்கிழமை விடுமுறை. போகும்போது ரிமோட்டையும் முழுக்கச் சார்ஜ் ஏற்றிய பேட்டரியையும் சேர்த்து எடுத்துச் செல்லுங்கள். வண்டியை மட்டும் தூக்கிக்கொண்டு வந்த ஒருவரை என் கண்ணெதிரிலேயே திருப்பி அனுப்பினார்.