டிரெக் தமிழ்நாடு: முழங்கால் வலியோடு மூன்று பாதைகள்

நான் பல்லாவரத்தில் குடியிருக்கிறேன். 1863இல் ராபர்ட் புரூஸ் ஃபூட் என்ற நிலவியலாளர் பழைய கற்காலக் கைக்கோடாரி ஒன்றைக் கண்டெடுத்தது இதே பல்லாவரத்தில்தான். இருபது வருடமாக இந்த ஊரில் காய்கறி வாங்கிக்கொண்டிருக்கும் எனக்கு, ஒன்பதாவது படிக்கும் என் மகள் சொல்லித்தான் இது தெரியும். “அந்த மாதிரி இடம் ஏதாவது போய்ப் பார்க்கலாமாம்மா?” என்று கேட்டாள். தேடியபோது கிடைத்தது டிரெக் தமிழ்நாடு.

தமிழக அரசு 2024 அக்டோபரில் தொடங்கிய மலையேற்றத் திட்டம் இது. 14 மாவட்டங்களில் 40 பாதைகள். எளிது, நடுத்தரம், கடினம் என்று பிரித்திருக்கிறார்கள். இணையத்தில் முன்பதிவு செய்துவிட்டுத்தான் போக வேண்டும். பயிற்சி பெற்ற உள்ளூர் வழிகாட்டிகள் கூடவே வருவார்கள். எனக்கு 47 வயது, வலது முழங்காலில் தேய்மானம். ஆறு மாதத்தில் மூன்று பாதைகள் நடந்திருக்கிறேன். என்னைப் போல யோசித்துக்கொண்டே இருப்பவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

முதலில் டிசம்பரில் குடியம் குகைகள். திருவள்ளூர் மாவட்டம், பூண்டி நீர்த்தேக்கத்துக்கு அந்தப் பக்கம். சென்னையிலிருந்து விடியற்காலை கிளம்பினால் மதியத்துக்குள் முடித்துவிடலாம். ஆனால் பேருந்தை நம்பிப் போகாதீர்கள். நாங்கள் பேசிவைத்த வாடகை வண்டிக்காரர் வராமல், கடைசி நேரத்தில் அக்கம்பக்கத்தில் ஒரு காரைக் கேட்டு வாங்க வேண்டியதாயிற்று.

பாதை முழுக்க முள்காடு, காலடியில் உருண்டைக் கூழாங்கற்கள். மலைப்பாறையே அந்தக் கூழாங்கற்களைச் சேர்த்துப் பிசைந்து வைத்தது போல இருக்கிறது. எங்கள் வழிகாட்டி பக்கத்து ஊர் இளைஞர். ஒரு இடத்தில் குனிந்து ஒரு கல்லை எடுத்து, ஆதிமனிதர்கள் இரண்டு பக்கமும் செதுக்கியிருந்த விளிம்பை மகளின் விரலால் தடவிப் பார்க்கச் சொன்னார். அப்புறம் எடுத்த இடத்திலேயே வைத்துவிட்டார். “எடுத்துட்டுப் போகக் கூடாது பாப்பா, இங்கதான் இருக்கணும்” என்றார். பெரிய குகையின் மேல்பாறையில் தேன்கூடுகள் தொங்குகின்றன. அங்கே யாரும் சத்தம் போடக் கூடாது. வாசனைத் திரவியம் பூசிக்கொண்டு போகாதீர்கள்.

திரும்பும்போது பூண்டியில் தொல்லியல் துறையின் தொல்பழங்கால அகழ்வைப்பகத்தைக் கட்டாயம் பாருங்கள். அதே வட்டாரத்து அதிரம்பாக்கத்தில் கிடைத்த கற்கருவிகள் ஏறக்குறைய 15 லட்சம் ஆண்டுகள் பழையவை என்று ஆய்வாளர் சாந்தி பப்புவும் அவர் குழுவினரும் 2011இல் வெளியிட்டார்கள். காட்டில் அந்தக் கல்லைத் தொட்டுவிட்டு வந்த பிறகு, கண்ணாடிப் பெட்டிக்குள் இருப்பவை என்னவென்று நமக்கே புரிகிறது. என் மகள் அங்கிருந்து கிளம்பவே மனமில்லாமல் நின்றாள்.

ஜனவரியில் ஏலகிரி. இதற்குத்தான் வீட்டில் எதிர்ப்பு. “குரங்கணியில நடந்தது மறந்துபோச்சா?” என்று கேட்டார் என் அம்மா. 2018 மார்ச் 11ஆம் தேதி அங்கே மலையேறப் போன இருபதுக்கும் மேற்பட்டவர்கள் காட்டுத்தீயில் சிக்கி இறந்ததை யாரால் மறக்க முடியும்? மலையேற்றத்துக்கு அரசு தனி விதிமுறைகள் கொண்டுவந்தது அந்த வருடம்தான். தீப்பிடிக்கும் காலத்தில் பாதைகளை மூடிவிடுகிறார்கள். 2025இல் பிப்ரவரி 15 முதல் ஏப்ரல் 15 வரை மூடியிருந்தார்கள். விடுமுறையைத் திட்டமிடும்போது இதை நினைவில் வையுங்கள். மூடுவது முழுக்கச் சரி.

ஜோலார்பேட்டை வரை ரயில், அங்கிருந்து 14 கொண்டை ஊசி வளைவுகள் ஏறி மேலே. வளைவுகளுக்குப் புலவர்கள், வள்ளல்கள் பெயர். மகள் ஒவ்வொன்றாக வாசித்துக்கொண்டே வந்தாள். முதல் நாள் இரவு அத்தனாவூரில் தங்கிவிட்டு, காலையில் ஏலகிரியிலேயே இருக்கும் சுவாமிமலை உச்சிக்கு நடந்தோம். ஏற்றம் மூச்சு வாங்கியது, ஆனாலும் சமாளித்துவிட்டேன். இறக்கத்தில்தான் முழங்கால் கெஞ்ச ஆரம்பித்தது. வழிகாட்டி கீழே கிடந்த காய்ந்த கம்பு ஒன்றைத் தேடி எடுத்துக் கொடுத்து, “அக்கா, பக்கவாட்டா கால் வைங்க, அவசரமே இல்ல” என்று சொல்லி, மற்றவர்களை அவருடைய கூட்டாளியோடு முன்னே அனுப்பிவிட்டு என்னோடேயே இறங்கினார். கட்டணம் அதிகம் என்று சிலர் சொல்வதைக் கேட்டிருக்கிறேன். நாலு பேர் குடும்பத்துக்கு அது நிஜமாகவே யோசிக்க வேண்டிய தொகைதான். ஆனால் அந்த இரண்டு மணி நேரத்துக்குப் பிறகு எனக்கு அந்தப் பணத்தைப் பற்றிக் கேள்வி இல்லை. முழங்கால் வலி உள்ளவர்கள் கையில் ஒரு தடியோடு போங்கள்.

மே மாதம் கோத்தகிரி லாங்வுட் சோலை. மூன்றில் எனக்கு மிகவும் பிடித்தது இதுதான், காலுக்கும் இதுவே சுலபம். நூற்றுப் பதினாறு ஹெக்டேர்தான். ஊரை ஒட்டியே இருக்கிறது. 2024இல் ராம்சார் என்ற சர்வதேச ஈரநிலப் பட்டியலில் சேர்ந்தது. குளமோ ஏரியோ இல்லாத காட்டை எப்படி ஈரநிலம் என்கிறார்கள் என்று எனக்குக் குழப்பம். வழிகாட்டியாக வந்த பெண்ணிடம் கேட்டேன். பதில் சொல்லாமல், உதிர்ந்த இலைகளுக்குள் கையை வைத்து அழுத்தச் சொன்னார். அழுத்தினேன். பஞ்சைப் பிழிந்தது போல விரல்களுக்கு இடையில் தண்ணீர் வந்தது. மழை பெய்து இரண்டு நாளாகியிருந்தது. அந்தத் தண்ணீர்தான் கொஞ்சம் கொஞ்சமாகக் கசிந்து ஓடையாகிக் கீழே இருக்கும் கிராமங்களுக்குப் போகிறது என்றார்.

உள்ளே பகலிலேயே அந்தி வெளிச்சம். அடிமரமெல்லாம் பாசி. நீலகிரிச் சிரிப்பான் பறவைகளின் குரல் மட்டும் கேட்டுக்கொண்டே இருந்தது. ஒன்றைத்தான் கண்ணால் பார்க்க முடிந்தது. காட்டுமாடு நடமாட்டம் உண்டு, அதனால் வழிகாட்டி நில் என்றால் நின்றுவிட வேண்டும். அட்டைக்கு முழங்கால் வரை காலுறை போடுங்கள். சொந்த வண்டியில் போனால் நீலகிரிக்கு இ-பாஸ் எடுக்க வேண்டும். பிளாஸ்டிக் தண்ணீர் பாட்டிலுக்கும் அங்கே தடை, எவர்சில்வர் பாட்டில் கொண்டுபோங்கள்.

குளிர்காலத்தில் காஷ்மீரிலிருந்து ஈப்பிடிப்பான் பறவை ஒன்று இந்தச் சோலைக்கு வலசை வருமாம். “நவம்பருக்கு மேல வாங்கம்மா, காட்டுறேன்” என்றார் அந்தப் பெண். மகளுக்கு அரையாண்டுத் தேர்வு முடிவது எந்தத் தேதி என்று பள்ளியில் கேட்டு வைத்திருக்கிறேன்.